ரப்பர் ஃபோம் ஒட்டிய கதவு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பின் ஓரிடத்திலும் நிலைத்ததில்லை. சவுதியில் தம்மாமில் கொஞ்ச காலம், பிறகு அஜ்மான், அங்கிருந்து துபாயின் அல் கூஸ். ஏசி குழாய்களுக்கு ரப்பர் ஃபோம் சுற்றும் வேலை. கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எங்களுடையது கடைசி ரூம். அதற்கு அப்பால் வெறும் மணல்தான். காற்று எழுந்தால் கதவுக்கடியில் புழுதி கோடு போட்டதுபோல வந்து கிடக்கும்.

கதவை ஒட்டிய கீழ்க்கட்டிலில் பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். கொத்தனார். ஓயாத இருமல். தொற்றுநோய் இல்லை, தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எதிர்க்கட்டில் மன்னார்குடிக்காரன் அதை நம்பவில்லை.

"அண்ணே, நீங்க வேற ரூமுக்குப் போயிடுங்க. இல்லன்னா நான் கேம்ப் பாஸ்கிட்ட பேசிடுவேன்."

"எங்கடா போவேன்? நம்ம ஆளுக ரூம்ல எங்கயும் கட்டில் மாஃபி, ஒண்ணுகூட இல்ல."

மற்ற ரூம்களில் இந்திக்காரர்கள்தான், அண்ணனுக்கு இந்தி வராது. தமிழ் பேச ஆளில்லாத ரூமில் உடம்பு முடியாமல் கிடந்தவர்களைத் தம்மாமில் பார்த்திருக்கிறேன். மன்னார்குடிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

லீவு நாளில், சைட்டில் கழித்துப் போட்ட ஃபோமைக் கொண்டுவந்து கதவுச் சட்டம் முழுக்க ஒட்டினேன். தடிமன் அதிகம், கதவு சாத்தவே வரவில்லை. பிளேடால் பாதியாகச் சீவி மறுபடி ஒட்டினேன். ஜன்னலுக்கும் அப்படியே. கதவின் அடியில் தரையைத் தொடும்படி ஒரு பட்டை.

"இனிமே உன் குறட்டகூட வெளில போவாது மாப்ள" என்றான் மன்னார்குடிக்காரன்.

ரூம் நன்றாகக் குளிர்ந்தது. புழுதிக் கோடு நின்றது. இருமல் மட்டும் கூடியது.

இடுக்கு இடுக்காகக் கைவைத்துப் பார்த்தேன். எங்கும் காற்று வரவில்லை. அடிப்பட்டையைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அண்ணனின் கட்டிலுக்கடியில் கண் போனது. எல்லாருடைய சேஃப்டி ஷூக்களும் அங்கே, சிமெண்ட் அப்பிக் கிடந்தன. வெளியே விட்டால் களவு போகும், ஷூ இல்லாதவனை சைட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் கேம்ப்பில் எல்லா ரூமிலும் இதே பழக்கம். அந்த சிமெண்ட் தூசி வெளியே போக இருந்த வழியையும் நான் அடைத்து வைத்திருந்தேன்.

ஷூவை வெளியே வைக்கலாம் என்றேன்.

"காணாப் போனா யாரு பொறுப்பு?" என்றான் மன்னார்குடிக்காரன்.

"விடுங்கப்பா. நானே கேம்ப் பாஸப் பாத்து வேற ரூம் கேட்டுக்கிறேன்" என்று அண்ணன் பெட்டியை இழுத்தார். மேலே பேசவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மன்னார்குடிக்காரன் தன் ஷூவையும் அவர் ஷூவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். இரண்டு ஜோடியையும் லேஸால் ஜன்னல் கம்பியில் சேர்த்து இறுக்கிக் கட்டினான். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அதட்டினான்.

"என்ன வேடிக்க? கதவச் சாத்து மாப்ள, புழுதி உள்ள போவுது!"

இருமல் முழுதாக விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் அந்த ரூமிலேயே இருந்தார்.