பெடலில் கேட்ட செய்மதி

யாழ்ப்பாணத்தில் பற்றறி கிடைக்காத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்போம். எனக்கோ வேறொரு பைத்தியம். வெளிநாட்டு மாணவர்கள் பரிசோதனைக்கென்று விண்ணுக்கு ஏவிய சின்னச் செய்மதி ஒன்று, எங்கள் ஊரான கொடிகாமத்தைத் தாண்டும்போது அனுப்பும் 'பீப்' ஒலியைக் கேட்க வேண்டும். அண்ணை முற்றத்தில் இருந்து கையால் பெடல் சுற்றுவார். நான் அறைக்குள் ஹெட்போனோடு இருப்பேன்.

"உது என்னடா சொல்லுது?"

"தான் சுகமா இருக்கிறனெண்டு சொல்லுது, அண்ணை."

அன்று காலை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கையில், பொம்மர் விமானம் திடீரென்று தாழப் பதிந்தது. பங்கர் குழிக்கு ஓட நேரமில்லை. பக்கத்து வீட்டு வளவில் குண்டு விழ, கூரை என்மேல் சரிந்தது. புழுதியில் கண் தெரியவில்லை. ஆனால் காதில் பீப் நிற்கவில்லை. பெடல் சுற்றினால்தானே சத்தம் வரும்? அண்ணைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு ஓடுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

குண்டுச் சிதறல் அண்ணையின் வயிற்றைக் கிழித்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டினா நீ பயந்திடுவாய்," என்றார்.

பிறகு சக்கரம் மெல்ல நின்றது.

அடுத்த சுற்றிலும் அந்தச் செய்மதி, தான் சுகம் என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டைக் கடந்திருக்கும். கேட்க நான் இருந்தேன். பெடல் சுற்றத்தான் ஆளில்லை.