குதிகாலைப் பிடிக்கும் அய்யாத்துரை

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் புடைத்து நிற்கும் நரம்பை அய்யாத்துரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கிறார். துணியின் கனம் பார்ப்பது போல மேலும் கீழும் ஒருமுறை தடவுகிறார். பிறகுதான் அளவுப் பலகையை எடுக்கிறார். எல்லாருக்கும் இது கிடையாது. சொந்தக்காரர்களின் காலுக்கு மட்டும்.

டோல்கேட் அருகே அவருடைய செருப்புக் கடை. தெற்கேயிருந்து வந்து வடசென்னையில் தங்கிவிட்ட உறவுகள், கல்யாணம் கிறிஸ்துமஸ் என்றால் இங்கேதான் வருவார்கள். கடையில் வேலை பார்க்கும் வியாசர்பாடி ராஜாத்தி விடமாட்டாள்.

"இன்னா நைனா, செருப்பு விக்கிறியா, நாடி பாத்துகினு கீறியா? சொந்தம்லாம் பேஜாராவுது."

"சும்மா இரு பிள்ள."

அவர்கள் குடும்பத்தில் பலருக்கு அந்த நரம்பு தடித்திருக்கும். வார் உரசி வந்த காய்ப்பு என்று நம்பி, எல்லாருக்கும் பின்வார் இல்லாத செருப்பாகவே கொடுத்துவந்தார். "நம்ம வம்சத்துக்குப் பின்வார் ஆவாது" என்பதை உறவினர்கள் ஏதோ பட்டம் போலச் சொல்லிக்கொண்டார்கள். தம்பி ராசையா நாற்பத்திரண்டு வயதில் மாதவரம் லாரி நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இறந்தவனின் குதிகாலைத் தொட்டுவிட்டு அண்ணனையும் காலைக் காட்டச் சொன்னார். காய்ப்பு இல்லை. பிறப்பிலேயே ரத்தத்தில் மிகுந்துவரும் கொழுப்பு, நரம்பில் படிந்திருந்தது.

அய்யாத்துரைக்கும் ராசையாவின் மகள் மகிமாவுக்கும் அது உண்டு; இருவரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த மாற்றங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுமாம். ஒப்பிட்டுப் பார்க்க இருந்ததோ பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ரத்தம். உறவினர் பலர் ரத்தம் கொடுத்தால் தெளியும் என்றார்கள் டாக்டர்கள். அய்யாத்துரை அதைத் தன் தொழிலுக்கு இழுத்துக்கொண்டார்: "அவனுவ காலுக்கு அச்சு வெட்டி வச்சிருக்கான். நம்ம காலுக்கு இன்னும் வெட்டலடே. கால நீட்டுனாத்தான வெட்டுவான்?"

யாரும் நீட்டவில்லை.

போன மாதம் தங்கை சுகிர்தம், மகன் ஜெபினுக்குக் கல்யாண ஷூ எடுக்க வந்தாள். பெண், மகிமாதான், முறைப்பெண். ஜெபினுக்கும் அந்த ரத்தம் இருந்தால், பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் இறங்கலாம். சின்ன வயதிலேயே இதயத்தைப் பிடிக்கலாம்.

"அளவ மட்டும் பாருண்ணே. நரம்பத் தொடாத."

"கொஞ்சம் ரத்தம்தான, சுகிர்தம்."

"அதுல ஏதும் வந்தா? தகப்பன் இல்லாத பிள்ளைய வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா?"

"கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. தெரிஞ்சு கட்டட்டும்ங்கேன்."

"எந்திரிடே ஜெபின். வண்ணாரப்பேட்டையில கடையா இல்ல?"

அய்யாத்துரை கையை இழுத்துக்கொண்டார். கறுப்பு ஷூ ஒன்றைப் போட்டு ஜெபின் நடந்து பார்த்தான், கச்சிதமாக இருந்தது. "பிரிக்காத ஜோடி தாரேன்" என்று உள்ளே போய், பெட்டியைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் நடந்தது ராஜாத்தி சொல்லித்தான் வெளியே தெரிந்தது. பெட்டிக்குள் அவர் வைத்தது ஓர் அளவு சின்ன ஷூ.

"அளவு தப்புற ஆளா அது? வேணும்னே வச்சிட்டு ரோட்டயே பாத்துகினு இருந்துச்சு."

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாற்றுவதற்கு ஜெபின் மட்டும் வந்தானாம். மாமா பெட்டியை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குதிகால் அவர் பக்கம் இருக்கும்படி ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தான்.