துளையுள்ள தொட்டியும் தலைவர் சாமிதுரையும்

விருத்தாசலம் ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம் 2022 ஜூன் 12, ஞாயிறன்று பதினான்கு உறுப்பினர்களுடன் தொடங்கப்பட்டது. தலைவர்: கொ. சாமிதுரை, வயது அறுபத்தொன்று, பீங்கான் ஆலை ஒன்றில் தரச் சோதனை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர்: மதிவதனி, தாவரவியல் ஆசிரியை.

ஆலையில் சாமிதுரை செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், உடைப்பது. சூளையிலிருந்து வரும் சாடியை விரல் முட்டியால் தட்டுவார். சத்தம் பிசகினாலும் சரி, ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் சரி, சுத்தியல் இறங்கும். குறைச் சரக்கு முழுதாகக் கிடந்தால் பின்வாசல் வழியே சந்தைக்குப் போய்விடும் என்பது ஆலையின் பயம். ஓய்வு பெற்றபோது சால்வையோடு சுத்தியலும் வீடு வந்து சேர்ந்தது.

ஆர்க்கிட், மரக்கிளையைத் தொற்றிக்கொண்டு வேரைக் காற்றில் விட்டு வாழும் செடி. நீர் தேங்கினால் அழுகிவிடும். மாநிலக் கூட்டமைப்பின் கையேட்டிலிருந்து மதிவதனி இதை வாசித்தார். தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளை வேண்டும் என்ற வரி வந்ததும் தலைவரின் முகம் சுண்டியது.

“டீச்சரம்மா, ஓட்டச் சாமான வூட்டுல வெச்சிக்கிட்டு இன்னா மூஞ்சியோட நான் இந்த ஊர்ல நடப்பேன்?”

“வேரு மூச்சு வுடணுங்க, தலைவரே.”

“வுடட்டுமே. மேல வாயி தொறந்துதான இருக்குது?”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அன்றுமுதல் சங்கத்துச் செடிகள் உள்ளும் புறமும் மெருகேற்றிய துளையற்ற சாடிகளில் ஊறி, ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. நாற்று விற்றவனுக்குக் கைராசி இல்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

பூத்த செடி ஐந்தைக் காட்டினால்தான் அங்கீகாரம் என்று கூட்டமைப்பு எழுதியது. அது கிடைக்காவிட்டால் தலைவரை மாற்றிவிடுவதென்று உறுப்பினர்கள் டீக்கடையில் முடிவெடுத்தார்கள். செய்தி சாமிதுரையின் காதுக்கும் எட்டியது. பதவி போய்விட்டால் தம்மை ‘தலைவரே’ என்று கூப்பிட ஊரில் எவருக்கும் வேறு காரணமில்லை என்பதை அவர் நன்றாக அறிவார்.

2024 பிப்ரவரி 18. தன் வீட்டில் பூத்த ஐந்து செடிகளைத் துளையிட்ட மண்தொட்டிகளோடு தலைவரின் மொட்டைமாடியில் வரிசையாக வைத்துவிட்டு, கூட்டமைப்பு சோதனைக்கு அனுப்பிய பார்வையாளர் ஆனந்தராஜை அழைத்துவர மதிவதனி ஜங்ஷனுக்குப் போனார். சாமிதுரை மாடியேறினார். பூ அவர் கண்ணில் படவில்லை, துளைதான் பட்டது. செடிகளைப் பதமாகப் பிடுங்கித் துணிக்கொடியில் கட்டினார். தொட்டிகள் ஐந்தையும் உடைத்தார்.

மனைவி சொர்ணாம்பாள் ஈரத்துணியோடு வந்து நின்றார். “வேட்டிய எங்கங்க காயப்போடறது? உங்க தலமேலயா?”

அதற்குள் ஆனந்தராஜ் வந்துவிட்டார். காற்றில் வேரும் பூவுமாக ஆடிய ஐந்து செடிகளைப் பார்த்துச் சொக்கி நின்றார். “பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டு தொட்டியே வேணாம்னு ஒடச்சிட்டீங்களே! இந்தத் துணிச்சல் எந்தச் சங்கத்துக்குங்க வரும்?”

மதிவதனி ஓட்டுச் சில்லுகளைப் பார்த்தபடி, “அது வந்துங்க சார்...” என்று இழுத்தார்.

“நம்ம ரோசனதாங்க,” என்றார் சாமிதுரை. “டீச்சரம்மாவும் கூடமாட ஒத்தாசயா இருந்தாங்க.”

அங்கீகாரம் அன்றே கையெழுத்தானது. மார்ச் 10 அன்று நடந்த தலைவர் தேர்தலில் பதிவான வாக்குகள் பதினான்கு. சாமிதுரை: பதின்மூன்று. மதிவதனி: ஒன்று.