நாலாம் மாடிச் சமையலும் நான் கேட்ட கேள்வியும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்டில் நாலாம் மாடி அக்காவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் கையில் எப்போதும் இரண்டு டிபன் கேரியர்கள் இருக்கும். அன்று ஒரு குடை மட்டும் இருந்தது.

“சாப்பிட்டியாமா?” என்றார். தலையாட்டிவிட்டு லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கேரியர்கள் காணாமல் போனதற்குக் காரணம் நான்.

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்கள் பலருக்கு அவர்தான் பத்தியச் சாப்பாடு கொடுப்பவர். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, மிளகு ரசம்... மருந்துச் சாமான்களைத் தேக்கா சந்தைக்குப் போய்த் தானே பார்த்து வாங்குவார். கணவர் இல்லை. வீடு இந்தச் சமையலில்தான் ஓடுகிறது. இரண்டாவது குழந்தை பிறந்தபோது எனக்கும் அவர் சாப்பாடுதான்.

இப்படி வீட்டில் சமைத்து விற்க இங்கே உரிமம் தேவையில்லை. சில விதிகளுக்கு உட்பட்டு நடந்துகொண்டால் போதும். என் கணவருக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. “நல்லா சமைச்சா ஆள் வரும், இல்லன்னா வராது. அதான் மார்க்கெட். கவர்மெண்ட் எதுக்கு அடுப்படிக்குள்ள வரணும்?” என்பார். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. பால் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை பார்க்கிற ஆள் நான். எதையும் ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் எனக்கு நிம்மதி.

முப்பத்தைந்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை. தாய் சாப்பிடுவதுதானே பாலில் இறங்கும் – அப்படித்தானே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்? முந்தின நாள் சுறாப்புட்டு. அன்று வந்த கேரியரைத் திறக்காமலே வைத்துவிட்டு, வட்டாரத் தாய்மார் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: “நாலாம் மாடி அக்கா சாப்பாட்டுல யாருக்காச்சும் பிராப்ளம் வந்துச்சா? அவங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?”

வெறும் கேள்விதான். அதில் ஒரு பொய்கூட இல்லை.

“ஐயோ, என் தங்கச்சிக்கு இப்பதான் சொல்லி வச்சேன்” என்றார் ஒருவர். “லைசன்ஸ் இல்லாமயா விக்கிறாங்க? ரிப்போர்ட் பண்ணுங்க லா” என்றார் இன்னொருவர். மாலைக்குள், ஒரு தோழி சொல்லித் தெரிந்தது, வேறொரு குரூப்பில் என் குழந்தை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.

மறுநாள் டாக்டர் கேட்டார்: “வீட்டுல வேற யாருக்காச்சும் வயிறு சரியில்லையா?” மூத்தவள் சைல்ட்கேரிலிருந்து வாந்தியோடு வந்திருந்தாள். வைரஸ். சுறாப்புட்டின் மேல் குற்றமே இல்லை.

குரூப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? “பேபி ஓகே. தேங்க்ஸ்.” கும்பிடும் கை ஒன்று. அவ்வளவுதான். அன்று மதியத்திலிருந்து அக்காவின் சாப்பாட்டை மறுபடி சாப்பிட்டேன், நாற்பதாம் நாள் வரை.

செவ்வாய்க்கிழமை மாலை, அக்கா கையில் கேரியர் இல்லாததைச் சொல்லிக் கணவரிடம் கேட்டேன். “உங்க மார்க்கெட் இப்ப என்ன சொல்லுது?”

“நீ சொன்னதத்தான் சொல்லுது” என்றார். சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். உரிமம் கட்டாயம் என்றிருந்தால் அக்கா அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார். அந்தச் சின்னச் சமையலறைக்கு யார் உரிமம் தருவார்கள்? சரி, பேச்சுக்குக் கடிவாளம் போடலாமா? என் கேள்வியையும் பிடிக்கிற அளவுக்கு ஒரு சட்டம் இருந்தால், நாளைக்கு நிஜமாகவே கெட்ட சாப்பாடு வரும்போது எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? வேண்டாம். வாழ்க்கையில் முதல் முறையாக நான் கணவரின் கட்சி.

ஆனால் அடுப்புக்கும் வாய்க்கும் சுதந்திரம் கேட்டால், தவறு செய்தவர் தானாகவே போய்ச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமலே எனக்கு மூன்று வாரம் ஓடியிருக்கிறது... சட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் என்னைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்களோ?

புதன்கிழமை நாலாம் மாடிக்கு இறங்கிப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீதானா?” என்றார் அக்கா. பிறகு, “கேட்டது தப்பில்லமா. பிள்ளைக்கு முடியலன்னா யாரும் கேப்பாங்க. என்கிட்டயும் கேட்டிருக்கலாம்ல? ரெண்டு மாடிதானே.”

அங்கேயே நின்று குரூப்பில் எழுதினேன்: வைரஸ்தான் காரணம், சாப்பாடு அல்ல, அன்றே சொல்லாதது என் தவறு. மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அந்த இன்னொரு குரூப்பில் நான் இல்லை. அங்கே என் குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

“இதப் பத்திரிகையில எழுதட்டுமாக்கா?”

“எழுது. என் பேர் வேணாம். சாப்பாடு எப்படி இருந்துச்சோ அத மட்டும் எழுது.”

நாற்பதில் முப்பத்தொன்பது நாள் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.