கழுவாத ஈரல்

பெரிய மாமா ஆடு அடித்தால் ஒருவர் கூறு கூடியும் இராது, ஒருவர் கூறு குறைந்தும் இராது. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது. சதை, எலும்பு, குடல், ஈரல் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் வெட்டி, ஒரே ஓலைப்பாயில் கொட்டி, இரண்டு கையாலும் கலந்துதான் கூறு வைப்பார். சமமாம், மண்ணாங்கட்டி. எங்கள் தீவில், நாரந்தனையில், சொந்தக்காரர் எவரும் வேண்டாமென்று சொல்ல முடியாது. கூறு வேண்டாமென்றால் உறவு வேண்டாமென்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தி பட்டுக் குடல் கிழிந்தது. புழுக்கையும் பச்சைத் தண்ணீரும் இறைச்சியில் வழிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாமா இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுக் கலக்கத் தொடங்கினார். இலையான் மொய்த்தது.

அக்கா பிள்ளைத்தாய்ச்சி. உடம்பில் ரத்தம் காணாதென்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். அம்மா எங்கள் கூறிலிருந்த சதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குவியலில் கிடந்த ஈரல் துண்டுகளைப் பொறுக்கி வாங்கினாள்.

"மாமா, அதைக் கழுவித் தாங்கோ" என்றேன்.

"கழுவினால் சத்தெல்லாம் தண்ணியோடை போயிடும். உனக்கு என்னடி தெரியும்?"

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈரலைத் தணலில் லேசாக வாட்டித்தான் கொடுப்பார்கள். உள்ளே ரத்தம் கசிய வேண்டும், அதுதான் உடம்பில் ஊறும் என்பார்கள். அக்காவுக்குக் குமட்டியது. அம்மா விடவில்லை, ஊட்டியே முடித்தாள். நாங்கள் மிச்சத்தைக் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்துத் தின்றோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவுக்கு அடுத்த நாள் வயிற்றாலடி, நிற்காமல் போனது, பிறகு காய்ச்சல். சண்டையால் பட்டணத்து ஆசுபத்திரிக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்த காலம். ஷெல்லடிக்குப் பயந்து வள்ளக்காரர் கடலில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

"அம்மா, பிள்ளை துடிக்கேல்லை" என்று அக்கா காலையில் சொன்னாள். மத்தியானம் அவளும் போய்விட்டாள்.

செத்த வீட்டில் மாமாதான் முன்னின்று பந்தல் போட்டார். "இறைச்சியிலை பிழை எண்டால் எல்லாருக்கும் வந்திருக்கோணும். சமமாத்தானே போட்டனான்" என்றார். இருந்தவர்கள் எல்லாரும் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, மீனோ இறைச்சியோ செத்தவருக்குப் பிடித்த மச்சத்தைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அதற்கு முதல் நாள் அம்மா அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து போய் மாமாவின் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, நாளைக்கு நீங்கள்தான் ஆடு அடிச்சுத் தரோணும். வேறை ஆரின்ரை இறைச்சியும் அவளுக்குப் பிடிக்காது."