சோசியர் அடித்த சிவப்பு

அலுவலகம் பெருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்த நாளிலிருந்து, சோசியர் தன் குப்பைக்கூடையைத் தானே மாடியிலிருந்து இறக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார். கேட்டால், "உக்காந்தே இருந்தா தொப்பை போடுதும்மா" என்பார். உடம்போ ஈர்க்குச்சி.

சோசியர் என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர்; அவர் சாதகம் பார்க்கிறவர் அல்ல. எங்கே அரிசி விலை ஏறியது, எங்கே பஸ்ஸை மறித்தார்கள், எந்தக் கட்சி எங்கே கூட்டம் போடுகிறது என்று நாடு முழுக்க வரும் விவரங்களைக் கணினியில் ஏற்றி, அடிதடி வரப்போகும் ஊருக்கு வரைபடத்தில் சிவப்பு அடிக்கிற உத்தியோகம். சிவப்பு விழுந்தால் அதிகாரிகள் முன்னாடியே போய் இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்வார்கள். கடவுள் புண்ணியத்தில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் அதனால் முழுசாக வீடு திரும்பியிருக்கிறார்கள்.

ஒருமுறை ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மூங்கில் கழி விற்பனை எகிறியது. இரண்டு கட்சிக்கும் அங்கே கூட்டம் வேறு. சோசியர் யோசிக்கவே இல்லை, சிவப்பு அடித்துவிட்டார். கழி வாங்கியது கொடி கட்டத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஓர் அதிகாரி போய், "சண்டை போடாதீங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சும்மா இருந்தவர்களுக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. எதிராளி அடிக்கப் போகாமலா இவர் மெனக்கெட்டு வந்து சொல்கிறார்? கொடியைக் கழற்றிவிட்டுக் கழியை மட்டும் கையில் எடுத்தார்கள்.

விஷயம் சோசியர் காதுக்கு வந்தது. ஒரு மண்டை உடைந்தாலும் அந்தப் பாவம் தன் தலையில்தான். பஸ் பிடித்து ஓடினார். கடைத்தெருவில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பையும் கையுமாக நின்று கும்பிட்டார்.

"ஐயா, உங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நான்தான் கழிய கணக்குல தப்பா போட்டுட்டேன்."

கழிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"எங்கள ரவுடின்னா எழுதின?" என்றார் ஒரு கட்சியின் தலைவர்.

"உங்கள மட்டுமா, எங்களையும்தான்" என்றார் மற்றக் கட்சித் தலைவர். "மாமா, இவன நீங்க கேக்குறீங்களா, நான் கேக்கட்டுமா?"

"நீயே ஆரம்பி மாப்ள."

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொடுத்துத் திட்டித் தீர்த்தார்கள். சோசியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாய் வலித்தபின் கழிகளைச் சுவரில் சாத்திவிட்டு எல்லாரும் டீ குடித்தார்கள். அவருக்கும் ஒன்று வந்தது.

ஓய்வு பெற்று அவர் மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த இரண்டு தலைவர்களும் வழியனுப்ப வந்திருந்தார்கள். வரும் தேர்தலில் நேருக்கு நேர் நிற்கப்போகிறவர்கள். அதற்கப்புறம் அவரை அவர்கள் பார்க்கவில்லை. அன்று பஸ் கிளம்பும்போது சோசியர் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்:

"கோவம் வந்தா வீட்டுக்கு வாங்க, என்னத் திட்டிட்டுப் போங்க. ஆனா ஒருத்தரா வந்தா கதவத் திறக்க மாட்டேன்."