எங்கட வீட்டில படியில்லை

என்ர மனுசன் யேசுரட்ணத்தைப் பற்றி ஒண்டை முதல்லையே சொல்லிப்போடுறன். அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொன்னது நான்.

பதினொரு வருசம் லண்டன் இல்ஃபோர்டில, ஸ்ரீதரன் அண்ணையின்ர கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையில வேலை செய்தவர். அரிசி மூட்டை, தேங்காய்ப்பால் பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் அவர்தான் தூக்கி அடுக்கிறது. ஒரு நாள் லேற் எண்டில்லை. சனிக்கிழமை லீவு, அண்டைக்குக் குசினி அவரின்ர. நண்டுக்கால் உடைக்க என்னை விடார். "உனக்குப் பொறுமை காணாதப்பா" எண்டுவார். அது உண்மைதான்.

போன மாசியில ஏணியில நிண்டு மேல்தட்டுப் பெட்டி எடுக்கேக்க, ஏணி சறுக்கி ஆள் கொங்கிறீற் நிலத்தில விழுந்திட்டார். வலது முழங்கை நொருங்கிப்போச்சு. அந்த ஏணிக்கால் ரப்பர் கழண்டு கிடக்கெண்டு ஸ்ரீதரன் அண்ணையிட்ட ரெண்டு தரம் சொன்னவர். "ஓம் ஓம், மாத்துவம்" எண்டதோட சரி.

ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீதரன் அண்ணைதான் காரில கொண்டுவந்தவர். நான் ஓடிப்போய்ச் சேர, வாசல்ல மறிச்சுக்கொண்டு நிக்கிறார், அழாத குறை. "தங்கச்சி, வேலையில விழுந்தவர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கவுன்சில்காரர் வந்து கடையைப் பூட்டிப்போடுவாங்கள். வீட்டுப் படியால விழுந்தவர் எண்டு சொல்லுங்கோ. மிச்சமெல்லாம் நான் பாக்கிறன்." நாங்கள் லண்டனில வந்து இறங்கின முதல் கிழமையே இவருக்கு வேலை குடுத்த மனுசன். எங்கட ஊர் ஆள் வேற. எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?

உள்ளுக்கை நேர்ஸ், எப்பிடி நடந்தது எண்டு கேட்டாள். இவர் நோவில பல்லைக் கடிச்சுக்கொண்டு, "வேர்க்..." எண்டு தொடங்கினவர். நான் அவரின்ர மற்றத் தோளை ஒரு அமத்து அமத்தினன். "ஹோம். ஸ்டெயர்ஸ்" எண்டு நானே சொன்னன். அவள் எழுதினாள். அப்ப இவர் என்னைப் பாத்த பார்வை இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

இதில என்ன விசர்க்கூத்து எண்டால், நாங்கள் இருக்கிறது நிலத்தோட இருக்கிற பிளாட். எங்கட வீட்டில ஒரு படியும் இல்லை.

ஆறு கிழமை சம்பளம் வந்தது. பிறகு ஸ்ரீதரன் அண்ணை போன் எடுக்கிறதில்லை. ரெண்டு ஒப்பரேஷன் முடிஞ்சும் கை மடங்கேல்லை. இனிப் பாரம் தூக்க ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கடைசியா அப்டன் பார்க்கில டிலக்சனா எண்ட லோயர் பிள்ளையிட்டப் போனம். அவள் கேட்டிட்டுத் தலையில கை வைச்சாள். "அன்ரி, இதுக்குத்தானே முதலாளிமார் இன்சூரன்ஸ் எடுத்து வைச்சிருக்கிறது? நட்டஈடு இன்சூரன்ஸ்காரரெல்லோ குடுக்கிறது, அங்கிளின்ர முதலாளி இல்லையே."

ஆரைக் காப்பாத்த என்ன சொன்னன், மாதாவே!

டிலக்சனா நட்டஈடு கேட்டு எழுதினதுக்கு, இன்சூரன்ஸ்காரர் ஏலாது எண்டு எழுதினாங்கள். ஆஸ்பத்திரிப் பதிவில, மனைவி சொன்னபடி வீட்டுப் படியால விழுந்தவர் எண்டு கிடக்காம். ஸ்ரீதரன் அண்ணையும், தனக்கும் அதுதான் தெரியும் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். கடைக் கமராப் படம் முப்பது நாளில அழிஞ்சுபோகுமாம். கூட வேலை செய்த ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை. அவைக்கும் வீடு வாசல் இருக்கு, என்ன சொல்லுறது.

ஆனா என்னட்ட ஒரு துருப்பு இருக்கெண்டு நினைச்சன். வாசல், குசினி, அறை, பாத்ரூம் எண்டு முழு வீட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடினன். "பாரும் பிள்ளை, எங்க படி? படியில்லாத வீட்டில ஒரு மனுசன் எப்பிடிப் படியால விழுவார்?" டிலக்சனாவின்ர முகமும் தெளிஞ்சது. ஆஸ்பத்திரியில சொன்னது பொய் எண்டு அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தன். வீட்ட வந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன்.

ரெண்டு கிழமையில இன்சூரன்ஸ்காரரிட்ட இருந்து மறுமொழி வந்தது. டிலக்சனா என்ர முகத்தைப் பாக்காமல் வாசிச்சாள். "அன்ரி, உங்கட வீட்டில படியில்லை எண்டதை அவை ஏற்கினம். அப்ப நீங்கள் ஆஸ்பத்திரியில பொய் சொன்னது உறுதியாம். ஒருக்காப் பொய் சொன்ன ஆள், இப்ப காசுக்காக இன்னொரு பொய் சொல்லமாட்டா எண்டு எப்பிடி நம்புறது எண்டு கேக்கினம். கோர்ட்டுக்குப் போய்த் தோத்தா அவையின்ர செலவும் உங்கட தலையில வரலாம்." பிறகு மெல்லமாச் சொன்னாள், "எங்கட ஒபிசும் இனி இதை எடுக்காது அன்ரி. சொறி."

ஐயோ, அந்த ஒபிசிலையே நெஞ்சில அடிச்சு அழுதன். அவர் உண்மையைச் சொல்லத்தானே வாய் திறந்தவர்! என்ர இந்த வாய்க்கு என்ன செய்தாத் தகும்?

வீட்ட வந்து சப்பாத்தைக் கழட்டேக்கதான் அவர் கேட்டார், "நான் அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான் தானே, மலர்?" அவ்வளவுதான். ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன்.

நேற்றுத் திரும்பவும் ஆஸ்பத்திரியில கை காட்டுற நாள். நானும் வெளிக்கிட்டு, கைப்பையோட வாசல்ல நிண்டன். "நீ வரவேண்டாமப்பா. கேக்கிறதுக்கு நானே சொல்லுறன்" எண்டார். ஜாக்கெற்றின்ர சிப்பை மட்டும் இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டன்.